வண்ணாரப்பேட்டை வீட்டார்

மாலதி: ஞாயிறு திவ்யா வளைகாப்பு நம் மொட்டை மாடியில்தான். சாமியானாவுக்கு 3,000 முன்பணம் கொடுத்தாயிற்று.

சேகர்: சென்னையைப் புரட்டப்போகும் புயல்!! உடனே எல்லோருக்கும் பகிரவும்!!

மாலதி: ஐயோ

விஜயா: மண்டபம் பாருங்கள் என்று அன்றே சொன்னேன்.

கார்த்திக்: பதறாதீர்கள் அத்தை. மாமா மழை வந்தாலும் இதை அனுப்புவார், வராவிட்டாலும் அனுப்புவார். கணக்கில் அதன் எடை பூஜ்யம்.

சேகர்: 2015-ல் சொன்னேனே?

கார்த்திக்: போன மே மாதமும் சொன்னீர்கள்.

பெரியப்பா: காசிமேட்டில் பெரிய போட்டெல்லாம் கட்டிக் கிடக்கிறது. வெறும் பையோடு திரும்பினேன்.

விஜயா: வஞ்சிரமே இல்லையா?

கார்த்திக்: இதுதான் தகவல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது போட்டு நின்றால் அதற்கு அர்த்தமில்லை. இது கார்த்திகை. பேய்ஸ் என்று ஒரு பாதிரியார், அவர் இறந்தபின் 1763-ல் அச்சான கணக்கு. பல வருஷத்துக் கார்த்திகையில் 100 ஞாயிறு. 20-ல் மாடி நனையும் என்று வைப்போம். அதில் 18-க்கு முன்னாடியே போட்டு நின்றிருக்கும். நனையாத 80-லும் டீசல், வலை, கல்யாணம் என்று 16-ல் நிற்கும். ஆக, நின்றது 34, அதில் மழை 18. ஐந்தில் ஒன்றாக இருந்தது பாதிக்கு மேல் போய்விட்டது.

மாலதி: வளைகாப்பு நேரத்தில் பேய் பேச்சு எதற்குடா

விஜயா: பெய்யுமா பெய்யாதா, ஒன்று சொல்.

கார்த்திக்: சொல்ல முடியாது அத்தை. ஆனால் மாறினால் போவது 3,000. மாறாமல் பெய்தால் 80 பேர் சாப்பாடு.

பெரியப்பா: துறைமுகத்தில் 1-ம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்.

சேகர்: பார்த்தீர்களா! கூண்டு!

கார்த்திக்: 1 என்றால் எங்கோ தொலைவில், மாமா. அந்த எச்சரிக்கையைக் கேட்டுத்தான் போட்டும் நின்றிருக்கும். ஒரே சாட்சியை இரண்டு தடவை எண்ணக்கூடாது.

விஜயா: தண்டையார்பேட்டை மண்டபம் என்றால் நான் வரமாட்டேன். பாபு கல்யாணத்தில் என்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தது அங்கேதான்.

மாலதி: அண்ணி, பாபுவுக்கே பையன் மூன்றாவது படிக்கிறான்.

விஜயா: படிக்கட்டும்.

திவ்யா: மூன்று மாடி என்னால் ஏற முடியாது. என்னை யாராவது கேட்டீர்களா?

மாலதி: 

மாலதி: கை பட்டுவிட்டது. சரி, கீழ் வீட்டு ஹாலைக் கேட்டுப் பார்க்கிறேன். சாமியானாவும் இருக்கட்டும்.

கார்த்திக்: அம்மா, இரண்டுமா?

பெரியப்பா: கண்ணாடி வளையல் யார் வாங்குவது?

சேகர்: இரவு 12 மணிக்கு மேல் செல்போனை அணைத்துவிடவும்!! உடனே பகிரவும்!!