ஜெர்மன் நட்சத்திரத்தை 300 ரூபாய்க்குள் வீட்டில் செய்ய முடியுமா?

பொறையாறுக்காரி:
சென்னையில் ஒரு கடையில் ஹெர்ன்ஹூட் என்ற ஜெர்மன் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைப் பார்த்தேன். எல்லாத் திசையிலும் கூர்கள் நீட்டிக்கொண்டு, உள்ளே விளக்கு எரிய, எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நட்சத்திரமாகவே தெரிகிறது. விலைச்சீட்டைத் திருப்பினேன், 9,000 ரூபாய். சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

இங்கே கிடைக்கும் ஐந்து முனைக் காகித நட்சத்திரம் மலிவுதான், ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் தட்டை. போன வருடம் காகிதக் கூம்புகளைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் பந்தின்மேல் ஒட்டிப் பார்த்தேன். பாதி முடிவதற்குள் வரிசை கோணிவிட்டது. மாமியார் அதற்கு முள்ளம்பன்றி என்று பெயர் வைத்து, நட்சத்திரத்தை இறக்கும் ஜனவரி 6 வரை அப்படியே அழைத்தார். அளவு தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பழைய பைண்டர், பாளையங்கோட்டை:
தங்கச்சி, முதலில் பந்தைத் தூக்கிப் போடுங்கள். அந்த நட்சத்திரத்துக்குள் பந்தே கிடையாது. கூர்களின் அடிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தாமே உருண்டையாகின்றன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில், மொரேவியன் என்ற புராட்டஸ்டண்ட் சபையின் பள்ளியில் வடிவியல் பாடத்துக்காகச் செய்த பொருள் அது. கணக்குப் பிசகினால் முள்ளம்பன்றிதான்.

மொத்தம் 25 கூர்கள். 17 கூர்களுக்கு அடி சதுரம், 8 கூர்களுக்கு அடி முக்கோணம். எல்லாவற்றுக்கும் அடிப்பக்கம் 6 செ.மீ., அடியின் மூலையிலிருந்து முனைவரை போகும் சாய்விளிம்பு 18 செ.மீ. சதுரக் கூருக்கு இந்த அளவில் நான்கு முக்கோணங்களை விசிறிபோல் அடுத்தடுத்து வரையுங்கள். மற்றதற்கு மூன்று போதும். ஒவ்வோர் அடிப்பக்கத்திலும், விசிறியின் ஒரு ஓரத்திலும், பசைக்காக ஒரு செ.மீ. விட்டு வெட்டுங்கள். முடிந்ததும் முனைக்கு முனை ஏறக்குறைய அரை மீட்டர் வரும். மெல்லிய மஞ்சள் சார்ட் தாள் நான்கு வாங்கினால் போதும்.

வெட்டியதும் மடிக்காதீர்கள். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேலோடு வைத்து ஒவ்வொரு கோட்டையும் அழுத்தி இழுங்கள். பிறகு மடித்தால் தாள் கத்திபோல் நிற்கும். இந்த ஒரு வேலையில் சோம்பல்பட்டால் மீதி எதைச் செய்தும் பயனில்லை. முப்பது வருடம் நோட்டும் லெட்ஜரும் மடித்த கை சொல்கிறது.

கீழேயிருந்து கட்டிக்கொண்டு வாருங்கள். அடியில் ஒரு சதுரக் கூர். அதைச் சுற்றி நான்கு சதுரம், அவற்றின் இடுக்குகளில் நான்கு முக்கோணம். அதன்மேல் இடுப்புப் பட்டையாக எட்டுக் கூர்கள், எட்டும் சதுரம். பிறகு மறுபடி நான்கு சதுரம், நான்கு முக்கோணம். உச்சியில் ஒரு சதுரம் காலியாக இருக்கும். விரல் நுழைத்து ஒட்டவும், பிறகு விளக்கு இறக்கவும் அதுவே வாசல்.

எங்கள் தொழிலில் மைதாப் பசையோடு பூச்சி அரிக்காமல் மயில்துத்தம் கலப்போம். அது விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம்; ஃபெவிக்கால் போதும். விளக்கு 0.5 வாட் எல்இடி. என் முதல் நட்சத்திரத்தில் 40 வாட் குண்டு பல்பைப் போட்டுவிட்டு ஆராதனைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தாளில் காபிக் கறைபோல ஒரு வட்டம், வராந்தா முழுக்கக் கருகல் வாடை. நல்லவேளை, அதோடு போயிற்று.

நாகர்கோவில் மதினி:
அண்ணாச்சி சொன்ன வரிசையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். என் மகன் இடுப்புப் பட்டையில் ஒரு முக்கோணத்தைச் செருகிவிட்டான். முழுதும் சங்குபோல் முறுக்கிக்கொண்டது. மரத்தில் மாட்டச் சின்னதாக வேண்டுமென்றால் எல்லா அளவையும் நான்கில் ஒரு பங்காக்கிப் பாருங்கள். பழைய மாதக் காலண்டரின் வெள்ளைப் பின்புறமே போதும், காசே இல்லை. பனியில் வெளியே தொங்கவிட்டால் மட்டும் கூர்கள் தொய்ந்துவிடும். இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள்.

பொறையாறுக்காரி:
நன்றி அண்ணாச்சி, நன்றி மதினி. மொரேவியன் சபையார் 1760இல் எங்கள் பக்கத்துத் தரங்கம்பாடிக்கே வந்து குடியேறியவர்கள். நட்சத்திரம் பிறப்பதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் இந்த அளவை நான் பக்கத்து ஊரிலேயே கேட்டு வாங்கியிருப்பேன்!

நேற்று இரவு எல்லாக் கூர்களையும் ஒட்டி முறத்தில் பரப்பி வைத்தேன். இன்று காலை மாமியார் எண்ணிப் பார்த்துவிட்டார். முக்கோணக் கூர் ஏழுதான் இருக்கிறதாம்.