ஒரே ‘மாடியூல்’, மூன்று பொருள்: தமிழில் எப்படிப் பிரிப்பது?

மொழிபெயர்ப்பவர்:

அனைவருக்கும் வணக்கம். லினக்சில், கணினிக்குள் செருகும் தொலைபேசி அட்டையை நிறுவும் பாடக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். திங்களன்று வகுப்பு தொடங்குகிறது. வெள்ளிக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ‘மாடியூல்’ மட்டும் இன்னும் பிடிபடவில்லை. டிடிஎம்400பி அட்டையின் மேல் பொருத்தும் சிறு பலகை மாடியூல்: பச்சை எஃப்எக்ஸ்எஸ், தொலைபேசிக் கருவிக்கு, சிவப்பு எஃப்எக்ஸ்ஓ, வெளி இணைப்புக்கு. அந்த அட்டையை இயக்க மோட்புரோப் கட்டளையால் லினக்சின் மையப் பகுதியான கருனிக்குள் (கெர்னல்) ஏற்றும் ‘டபிள்யூசிடிடிஎம்’ என்ற இயக்கி மென்பொருளும் மாடியூல். தொலைபேசி இணைப்பக மென்பொருளான ஆஸ்டரிஸ்க் தனக்குள் ஏற்றிக்கொள்ளும் ‘சான்_டாடி’யும் மாடியூல். ‘மாடியூல் சரியாக ஏறவில்லை’ என்று மாணவர் சொன்னால் திருப்புளியை எடுப்பதா, கட்டளை வரிக்குப் போவதா? உங்கள் பரிந்துரைகளை எதிர்பார்க்கிறேன்.

இலக்கண ஆசிரியர்:

கருனிக்குள் செல்வதற்கு ‘ஏற்றுகூறு’ என்று வைக்கலாம். ஊறுகாய் போல இது வினைத்தொகை. ஏற்றிய கூறு, ஏற்றுகின்ற கூறு, ஏற்றும் கூறு என மூன்று காலமும் இதற்குள் அடங்கும். ஓடிக்கொண்டிருக்கும் கருனியில் வேண்டியபோது ஏற்றி, வேண்டாதபோது இறக்குவதுதானே இதன் இயல்பு? ‘கூறு’ பழைய சொல். கூறு போடுதல், கூறுபடுதல் எல்லாருக்கும் தெரியும். முழுமையிலிருந்து பிரிந்தும் அதைச் சேர்ந்தும் இருப்பது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது.

மெய்ப்புத் திருத்துபவர்:

> கருனிக்குள் செல்வதற்கு ‘ஏற்றுகூறு’

ஐயா, அச்சில் இது நிலைக்காது. சந்தி பார்க்கும் எவரும் ஒரு ‘க்’ சேர்த்துவிடுவார்கள். ‘ஏல்’ என்ற வினையடியிலிருந்து வரும் ‘ஏற்று’ வினையெச்சம். வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும். ‘ஏற்றுக் கூறு’ என்றால் ஒப்புக்கொண்டு சொல் என்று பொருள். ஒற்றை மெய்யெழுத்தை நம்பி ஒரு கலைச்சொல்லை நிறுத்தக் கூடாது.

தொலைபேசிப் பொறியாளர்:

இந்த அட்டைகளோடு வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘மாடியூல்’ என்றே எழுதுங்கள். எல்எஸ்மோட் கட்டளை திரையில் காட்டும் பட்டியலின் தலைப்பே அதுதான். பிழைச்செய்தியிலும் அதே சொல் வருகிறது. மாணவர் திரையில் ஒன்றையும் தாளில் இன்னொன்றையும் படித்தால் எப்படிக் கற்பார்? வடசொல்லையே தமிழ் எழுத்தில் ஏற்கத் தொல்காப்பியர் வழி வகுத்திருக்கிறார்.

சொல்லைவிடப் பொருள் பிறழ்வதுதான் எனக்குக் கவலை. முன்வரைவில் ‘தடைப்பட்டியல்’ (பிளாக்லிஸ்ட்) என்று பார்த்தேன். அதில் இருக்கும் இயக்கி தடுக்கப்படுவதில்லை. தானாக ஏறாது, அவ்வளவுதான். பெயர் சொல்லி மோட்புரோப் கொடுத்தால் ஏறிவிடும். இந்த அட்டைகளுக்கான இயக்கித் தொகுப்பான டாடி தன் இயக்கிகளையே அந்தப் பட்டியலில் இடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே கணினியில் இரண்டு அட்டைகள் இருந்தால், எந்த இயக்கி முதலில் ஏறுகிறதோ அதன் அட்டைக்கே முதல் தட எண்கள் போகும். ஆகவே வரிசையை நாம் எழுதிவைத்து, அதன்படி ஏற்றச் செய்கிறோம். ‘தடை’ என்று படித்த மாணவர், இயக்கி கெட்டுவிட்டது என்று நினைத்து அந்த வரியை அழிப்பார். ‘தன்னேற்ற விலக்கு’ என்று திருத்துங்கள்.

இலக்கண ஆசிரியர்:

விலக்கு பற்றிய திருத்தம் மிகச் சரி, ஏற்கிறேன். தொல்காப்பியரை மட்டும் இப்படி இழுக்க வேண்டாம். அவர் அங்கே சொல்வது செய்யுளுக்குரிய சொற்களைப் பற்றி. அதிலும் ‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வட எழுத்தை நீக்கி, என்பது நிபந்தனை; வந்த சொல்லை வந்தபடியே எடுத்துக்கொள்ளும் உரிமை அன்று.

‘கருனி’யும் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கில ஒலியை ஒட்டிச் செய்துவிட்டு, ‘கரு’ என்று பொருள் சொல்லிக்கொள்கிறோம். ‘கருவகம்’ என்றால் என்ன?

கல்லூரி மாணவி:

‘கருவகம்’ என்றதும் எனக்கு உயிரியல் பாடம்தான் நினைவுக்கு வருகிறது. ‘கருனி’ தமிழ் லினக்ஸ் எழுத்துகளில் ஏற்கெனவே புழங்குகிறது. இனி அதைக் கலைக்க வேண்டாம். இன்னொன்று: ‘இயக்கி’யை மட்டும் யாரும் எதிர்க்கவில்லையே! சிலப்பதிகாரத்தில் மாதரி பால்மடை கொடுத்துத் திரும்புவது பூங்கண் இயக்கிக்குத்தானே? இன்று இசக்கி என்று வழிபடுவதும் அவளையே. தெய்வப் பெயர் ஒன்று மென்பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இலக்கண ஆசிரியர்:

தங்கையே, அந்த இயக்கி யட்சியின் தமிழ் வடிவம். இந்த இயக்கி, ‘இயக்கு’ என்ற வினையோடு இகர விகுதி சேர்ந்தது. வடிவம் ஒன்று, பிறப்பு வேறு. ஆனால் ‘இயக்கர்’ என்ற சொல்லையும் சேர்த்து நோக்கினால்...

மொழிபெயர்ப்பவர்:

ஐயா, பொறுத்தருள்க, வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. இதுவரை வந்ததில் பெரும்பாலோர்க்கு உடன்பாடானது இது: பலகைக்குச் ‘சிற்றட்டை’, கருனிக்குள் ஏறுவதற்குக் ‘கருனிக்கூறு’, ஆஸ்டரிஸ்க்கினுடையதற்கு ‘ஆஸ்டரிஸ்க் கூறு’. முதன்முறை வரும் இடத்தில் ‘மாடியூல்’ என்று அருகில் குறிப்பேன். டாடி இயக்கிகள் கருனியின் மூலத்தொகுப்பில் இல்லை. கருனி புதிதாக மாறும்போது அதற்கேற்ப மறுபடி தொகுக்க வேண்டும். அந்த இடத்தில் ‘கருனிக்கூறு பொருந்தவில்லை’ என்று எழுதினேன். குழப்பமே இல்லாமல் நின்றது. இப்படியே அனுப்புகிறேன்.

தொலைபேசிப் பொறியாளர்:

சரி. வகுப்பில் நான் மாடியூல் என்றுதான் சொல்வேன். சிற்றட்டையைச் சிற்றட்டை என்பேன். அது உண்மையிலேயே உதவுகிறது.

இலக்கண ஆசிரியர்:

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். ‘கருனிக்கூறு’ எது என்று சொல்கிறதே தவிர, ஏற்றி இறக்கலாம் என்பதைச் சொல்லவில்லை. கருனியோடு சேர்த்தே தொகுக்கப்பட்ட இயக்கியும் கருனியின் கூறுதான்; அதை இறக்க முடியாது. அந்த வேறுபாட்டுக்கு இப்போது நம்மிடம் சொல் இல்லை. அடுத்த பதிப்புக்கு முன் ‘ஏற்றுகூறு’ பற்றி விரிவாக எழுதுகிறேன்.