மெற்போமினை மட்டும் ஏன் குறைத்தார்கள்?

செட்டிகுளம்காரன்:
அப்பாவுக்கு சீனி, பிறஷர், கொலஸ்ரரோல் மூன்றும் இருக்கிறது. போன கிளினிக்கில் இரத்தம் சோதித்துவிட்டு, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாற்றினின் கூடியிருக்கிறது, கிட்னி கொஞ்சம் பிழை என்று சொல்லி, சீனிக்குப் போடும் மெற்போமினைப் பாதியாக்கிவிட்டார்கள். சீனியோ இன்னும் இறங்கவில்லை! பிறஷருக்குப் போடும் அம்லோடிப்பின், கொலஸ்ரரோலுக்குப் போடும் அற்றோவஸ்ரற்றின் இரண்டிலும் கை வைக்கவில்லை. காரணம் கேட்கலாமென்றால் பின்னால் நீண்ட வரிசை. கிட்னிக்குக் கூடாதென்றால் எல்லாவற்றையும்தானே குறைக்க வேண்டும்? அப்பா பழைய அளவையே போடுவேன் என்று நிற்கிறார்.

மருந்துச்சரை:
பழைய அளவைப் போட விடாதீர்கள், மிச்சம் பிறகு. மெற்போமின் கிட்னியைப் பழுதாக்கும் என்று பயந்து குறைக்கவில்லை, பழுதான கிட்னியால் அதை வெளியே தள்ள முடியாது என்றுதான் குறைத்தது. விழுங்கும் குளிசை சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, உடம்பெல்லாம் பரவ முதல் ஈரலுக்குப் போகும். அற்றோவஸ்ரற்றினில் பெரும்பகுதியை ஈரல் உடைத்துப் பித்தத்தோடு அனுப்பிவிடும், சிறுநீரில் போவது நூற்றுக்கு 2 பங்கு கூட இல்லை. அம்லோடிப்பினை உடைப்பதும் ஈரல்தான், ஆனால் ஆறுதலாக. இரத்தத்தில் அது பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணித்தியாலம் எடுக்கும், ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்பது அதனால்தான். மெற்போமினை ஈரல் உடைப்பதில்லை. இரத்தத்தில் சேர்ந்தது அப்படியே, உருமாறாமல், சிறுநீரோடுதான் போக வேண்டும். அந்த வழி சுணங்கினால் மருந்து தேங்கும், தேங்கினால் இரத்தத்தில் லக்ரிக் அமிலம் கூடலாம். அரிதுதான், ஆனால் வந்தால் உயிராபத்து. ரிப்போட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர் என்று, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஒரு எண் இருக்கும், பாருங்கள். அது 30க்குக் கீழே போனால் மெற்போமினை முற்றாக நிறுத்துவார்கள்.

முத்தையன்கட்டு:
தம்பி, எஸ்.ஆர் என்று போட்ட குளிசையென்றால் இடித்தோ கடித்தோ கொடுக்க வேண்டாம், மெல்ல மெல்ல விட வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். அப்புறம், வயலால் வந்து முழங்கால் நோவுக்குக் கடையில் ஏதும் வாங்கிப் போடுகிறாரா? எங்கள் ஊரில் அரைவாசிப் பேர் அப்படித்தான்.

செட்டிகுளம்காரன்:
டைக்ளோபெனக் அண்ணை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு அட்டை கிடக்கும். கிளினிக்கில் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

மருந்துச்சரை:
முதலில் அந்த அட்டையை எடுங்கள்! அது கிட்னிக்குப் போகும் இரத்தத்தையே குறைக்கும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நிற்கிறவருக்கு இன்னும் மோசம். வவுனியாவிலும் பதவியாப் பக்கமும் காரணம் பிடிபடாத கிட்னி வருத்தம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு மேலே இது வேறா? நோவுக்குப் பனடோல் போடலாம், அதை உடைப்பது ஈரல்; குடி இருந்தால் மட்டும் கேட்டுவிட்டுப் போடுங்கள். வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் அன்றைக்கு மெற்போமினைக் கொடுக்காமல் ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சீனி இறங்காததற்கு வேறு மருந்து இருக்கிறது, அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போய்க் கேளுங்கள், டைக்ளோபெனக் கதையையும் நீங்களே சொல்லுங்கள்.