லண்டன் 18 ஸ்டாஃபோர்ட் டெரஸ் வீட்டுக்குப் போனவர்கள் உதவுங்கள்

வணக்கம். அடுத்த மாதம் அம்மாவோடு லண்டன் போகிறேன். கென்சிங்டனில் அந்த முகவரியில் உள்ள சாம்போர்ன் வீட்டைப் பார்க்க வேண்டுமென்று எனக்கு நெடுநாள் ஆசை. ‘பஞ்ச்’ என்ற ஆங்கில நகைச்சுவைப் பத்திரிகையின் கார்ட்டூனிஸ்ட் லின்லி சாம்போர்ன் 1875 முதல் 1910இல் இறக்கும்வரை குடும்பத்தோடு குடியிருந்த வீடு. விக்டோரியா காலக் கட்டடங்களைப் பாதுகாக்கப் பாடுபடும் விக்டோரியன் சொசைட்டி 1958இல் உருவானதும் இங்கேதான். குடும்பத்தார் பெரிதாக எதையும் மாற்றாததால் 1980 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது.

படங்களில் பார்த்தே மனசு நிறைந்துவிட்டது: சுவர் தெரியாமல் நெருக்கி மாட்டிய படச் சட்டங்கள், வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் சுவர்த்தாள், நீல வெள்ளைப் பீங்கான். குளியலறையிலேயே சாம்போர்ன் போட்டோ கழுவினாராம். நான் முதலில் பார்க்க நினைப்பது அந்த அறையைத்தான்.

கவலை அம்மாவின் முழங்கால். குறுகலான, பல மாடி வீடு. படி ஏறாமல் எதுவரை பார்க்க முடியும்? நடுவில் உட்கார நாற்காலி தருவார்களா? ஹை ஸ்ட்ரீட் கென்சிங்டன் ஸ்டேஷனிலிருந்து நடந்துவிடலாமா, டாக்சிதான் நல்லதா? அன்றைக்கே, பக்கத்தில் இருக்கும் ஓவியர் லெய்டன் வீட்டின் அரபு மண்டபத்தையும் பார்ப்பது அம்மாவுக்கு அதிகமாகிவிடுமா? வயதானவர்களைக் கூட்டிப்போன அனுபவம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.