தடுக்கத் தடுக்க வந்து குவியும் குப்பை மின்னஞ்சல்களை எப்படிக் குறைப்பது?

கேள்வி:
வணக்கம். பத்தாண்டுகளாக ஒரே ஜிமெயில் முகவரியைத்தான் பயன்படுத்தி வருகிறேன். சில மாதங்களாக நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது விளம்பர அஞ்சல்கள் வருகின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து அனுப்பியவரின் முகவரியைத் தடுத்தாலும், மறுநாள் அதே கடன் விளம்பரம் வேறொரு முகவரியிலிருந்து வந்து நிற்கிறது. சென்ற வாரம் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு ஒன்று இவற்றுக்கிடையே புதைந்துபோய், தேதி கடந்த பிறகே என் கண்ணில் பட்டது. அஞ்சலின் அடியில் இருக்கும் 'அன்சப்ஸ்கிரைப்' (பதிவிலிருந்து விலகும்) இணைப்பைச் சொடுக்கினால் தொல்லை இன்னும் கூடும் என்கிறார்களே, அது உண்மையா?

மறுமொழி 1:
நேர்முகத் தேர்வு கைநழுவியது வருத்தமளிக்கிறது. முகவரிகளைத் தடுப்பதை முதலில் நிறுத்திவிடுங்கள். அனுப்புநர் முகவரியை எவரும் போலியாக இட்டுக்கொள்ள முடியும் என்பதால், நீங்கள் தடுத்த முகவரி பெரும்பாலும் மறுமுறை வரப்போவதே இல்லை. நீங்களே எப்போதோ பதிவு செய்த கடைகள், செயலிகள், செய்திமடல்கள் ஆகியவற்றிலிருந்து தயங்காமல் விலகலாம். யாரென்றே தெரியாதவர்கள் அனுப்பியவற்றில் எந்த இணைப்பையும் தொடாதீர்கள். சொடுக்கிய கணமே, இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்பது அவர்களுக்கு உறுதியாகிவிடும். அவற்றை 'ஸ்பேம்' (குப்பை அஞ்சல்) எனப் புகாரளியுங்கள். குப்பையைப் பிரித்தெடுக்கும் ஜிமெயிலின் வடிகட்டி முகவரியோடு நில்லாமல் அஞ்சலின் சொற்கள், இணைப்புகள், அனுப்பிய சேவையகம் என அனைத்தையும் பார்ப்பதால், அடுத்த முகவரியிலிருந்து வருவதும் சிக்க வாய்ப்புண்டு.

மறுமொழி 2:
விலகுவதற்கு அடியில் பொடி எழுத்தில் இருக்கும் இணைப்பைத் தேட வேண்டியதில்லை. பல அஞ்சல்களில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே ஜிமெயில் விலகல் பொத்தானைக் காட்டும். கூகுள் 2024இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோர் தங்கள் விளம்பர அஞ்சல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும்; இரண்டு நாட்களுக்குள் அதை நிறைவேற்றவும் வேண்டும்.

அமைப்புகளில், படங்களைக் காட்டுமுன் கேட்கும்படி மாற்றிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியளவு படத்தை அஞ்சலில் வைத்து, அது திறக்கப்பட்டதா என்று வேவு பார்ப்பது பரவலான வழக்கம். இனிப் பதிவு செய்யும்போது, உங்கள் பெயருக்கும் '@' குறிக்கும் இடையே ஒரு கூட்டல் குறியையும் அந்தத் தளத்தின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். அஞ்சல் உங்கள் பெட்டிக்கே வந்து சேரும். முகவரி எங்கிருந்து கசிந்தது என்பதும் பின்னர் தெரியவரும். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்பதில்லை என்பது இதிலுள்ள ஒரு குறை.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல்லைத் தேடியதில், நான் மறந்தே போன முப்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள் அகப்பட்டன, அனைத்திலிருந்தும் விலகிவிட்டேன். வடிகட்டி கடுமையானால், தேவையான அஞ்சலும் ஸ்பேமுக்குள் போய்விடாதா?

மறுமொழி 1:
போகக்கூடும். ஜிமெயிலில் ஸ்பேம் கோப்புறையில் விழுந்தவை 30 நாட்களில் தாமாக அழிந்துவிடும் என்பதால், வாரம் ஒருமுறையாவது அதைப் பார்த்துவிடுங்கள். வேலைக்கு விண்ணப்பித்த இடங்களின் முகவரிகளுக்கு இன்றே அமைப்புகளில் உங்களுக்கென ஒரு வடிகட்டி விதி அமைத்து, ஸ்பேமுக்கு ஒருபோதும் அனுப்பாதே என்ற தெரிவைக் குறித்து வையுங்கள்.