20 மாச பாப்பாவுக்கு என்ன ஷோ போடலாம்?

அம்மாபேட்டை அம்மா:
மாமியார் சோறு ஊட்டறப்ப போன்ல ரைம்ஸ் போட்டு பழக்கிட்டாங்க, இப்ப அது இல்லாம பாப்பா வாயே தொறக்க மாட்டேங்கறா. நொடிக்கொரு படம் மாறுது, கலர் கண்ணைக் கூசுது, நிறுத்துனா ஒரே அழுகை. நிதானமா, நாமளும் கூட உக்காந்து பாக்கற மாதிரி ஏதாச்சும் இருக்குங்களா?

அஸ்தம்பட்டி அப்பா:
ப்ளூயின்னு ஒரு கார்ட்டூன் இருக்கு, போட்டுப் பாருங்க, ஆஸ்திரேலியாக்காரங்க எடுத்தது, ஒரு எபிசோடு 7 நிமிஷந்தான், அப்பா அம்மா புள்ளைங்களோட விளையாடறதுதான் கதையே. இங்கிலீஷ்ல ஓடுனாலும் பக்கத்துல உக்காந்து நான் தமிழ்ல சொல்லிட்டே இருப்பேன், எங்க பையன் வார்த்தை புடிச்சது அதுலதான். மொதல்ல ஆட்டோபிளேயை, அதான் ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது தானா ஓடுதே, அதை ஆஃப் பண்ணிடுங்க, அழுகைல பாதி அதனாலதான் வருது.

குரங்குச்சாவடி அக்கா:
ஷோ தேடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன்மா. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, 1 வயசுக் குழந்தைக்கு ஸ்கிரீனே வேண்டாம், 2 வயசுல இருந்து நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல போகக்கூடாதுன்னு. பாட்டி கூட வீடியோ கால் பேசுறது பரவால்ல, அதுல எதிர்ல ஒரு ஆள் பதில் சொல்லுதுல்ல. சாப்பாட்டு நேரத்துல மட்டும் போன் வேண்டவே வேண்டாம், வயிறு நிறைஞ்சது கூட புள்ளைக்குத் தெரியாமப் போயிடும்.

ஏற்காட்டுல இருந்து:
எங்க எஸ்டேட்ல டவரே சரியா கிடைக்காதுங்க, அதனால திண்ணைல வெச்சுத்தான் ஊட்டுவேன், சில்வர் ஓக் மரத்துல மொளகுக் கொடி ஏறுறது, அணில் ஓடுறதுன்னு காட்டிக்கிட்டே. மொத நாலு நாள் ரொம்ப அழுதான், அப்பறம் சரியாயிட்டான்.

அம்மாபேட்டை அம்மா:
நன்றிங்க, நாளைக்குக் காலைல இட்லில இருந்து ஆரம்பிக்கிறேன், மாமியார்கிட்டயும் பேசறேன்.