மின்தொடர், பி.எல்.எம். நிலம், 6 ஈரநிலக் கடப்புகள்: சி.இ.கியூ. விதிகள் போன பிறகு ஈ.ஏ. எப்படி எழுதுவது?

ஓடைக்கரை:
வணக்கம். அமெரிக்க மேற்கு மாநிலம் ஒன்றில் 40 மைல் மின்தொடர் (மின்சாரம் கடத்தும் கம்பிப் பாதை). பாதிக்கு மேல் பி.எல்.எம். (கூட்டாட்சி அரசின் நில மேலாண்மை அமைப்பு) நிலம், மீதி தனியார் நிலம். வழியில் 6 இடங்களில் ஈரநிலம் குறுக்கிடுகிறது. பி.எல்.எம். பக்கம் நீப்பா (தேசியச் சுற்றுச்சூழல் கொள்கை) சட்டப்படி ஈ.ஏ. (சுருக்கமான சுற்றுச்சூழல் மதிப்பீடு), ஈரநிலத்துக்கு ஆர்மி கோரின் (ராணுவப் பொறியாளர் படை) நேஷன்வைட் பெர்மிட் 57 (மின்கம்பிப் பணிகளுக்கான பொது அனுமதி) என்று திட்டம். மூன்று சந்தேகம். சி.இ.கியூ. (வெள்ளை மாளிகையின் சுற்றுச்சூழல் தரக் குழு) போட்ட நீப்பா விதிகளே இல்லாதபோது ஈ.ஏ.-யில் எதை மேற்கோள் காட்டுவது? உச்ச நீதிமன்றத்தின் செவன் கவுண்டி தீர்ப்பு வந்த பிறகு திரள் தாக்க (மற்றத் திட்டங்களோடு சேர்ந்து வரும் மொத்தத் தாக்கம்) அத்தியாயத்தைத் தூக்கிவிடலாமா? பி.சி.என். (வேலைக்கு முன் கோருக்குத் தரும் அறிவிப்பு) கொடுத்து 45 நாள் கடந்தால் வேலையைத் தொடங்கலாம் என்கிறார்களே, அது சரிதானா?

கோப்புக்கட்டு:
முதல் கேள்விக்குப் பதில்: சட்டத்தையும் அந்தந்தத் துறையின் நடைமுறையையும் மட்டும் காட்டுங்கள். மரின் ஆடுபோன் வழக்கில் 2024 நவம்பரில் டி.சி. சர்க்யூட் என்ற கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, கட்டுப்படுத்தும் விதி போட சி.இ.கியூ.வுக்கு அதிகாரமே இல்லை என்றது. 2025 ஜனவரியில் முழு அமர்வு மறுவிசாரணையை மறுத்தபோது, அந்த முடிவு வழக்குக்குத் தேவைப்படவில்லை என்று நீதிபதிகள் பலர் தனியே எழுதினார்கள். அந்தச் சர்ச்சை நீளுமுன் சி.இ.கியூ. தானே விதிகளை விலக்கிக்கொண்டது. 2025 ஏப்ரல் 11 முதல் அமல். பி.எல்.எம்.-இன் தாய்த்துறையான உள்துறை (இன்டீரியர்) 2025 ஜூலையில் தன் நீப்பா விதிகளில் பெரும்பகுதியை நீக்கி, நடைமுறையைக் கையேட்டுக்கு மாற்றியது. பழைய டெம்ப்ளேட்டில் சி.இ.கியூ. விதிகளின் 1500 முதல் 1508 வரையான பகுதி எண்கள் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். அடிக்குறிப்பு, கலைச்சொல் பட்டியல், முடிவு அறிக்கை என்று ஒன்று விடாமல் தேடி எடுத்துவிடுங்கள். இல்லாத விதியைப் பின்பற்றியதாக எழுதி வைத்தால், வழக்கில் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

நீப்பாவின் 2023 திருத்தம் சட்டத்திலேயே இருப்பதால் அது அசையாது. வரம்பு ஈ.ஏ.-க்கு 75 பக்கம், 1 ஆண்டு; ஈ.ஐ.எஸ்.-க்கு (விரிவான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை) 150 பக்கம் (மிகச் சிக்கலானால் 300), 2 ஆண்டு. ஈ.ஏ. தேவை என்று துறை முடிவெடுத்த நாள், விண்ணப்பம் முழுமை என்று தெரிவித்த நாள், நோட்டீஸ் வெளியான நாள் ஆகிய மூன்றில் எது முந்தியோ அன்றே கடிகாரம் ஓடத் தொடங்கும். எஸ்.எஃப்.-299 (வழியுரிமை விண்ணப்பப் படிவம்) முழுமை என்று வரும் கடிதத்தைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். மேற்கோள்களும் பின்னிணைப்புகளும் பக்கக் கணக்கில் சேராது. அதற்காக ஆய்வு முழுவதையும் பின்னிணைப்பில் தள்ளி, ஆவணத்தின் உடலில் "தாக்கம் குறைவு" என்று ஒரு வரி மட்டும் விடுவது பெரிய தவறு. காரணம் உடலில் இருக்கட்டும், தரவு பின்னிணைப்புக்குப் போகட்டும்.

திரள் தாக்கம்: செவன் கவுண்டி தீர்ப்பை (2025 மே 29, யூட்டாவின் 88 மைல் ரயில்பாதை) முழுதாகப் படியுங்கள். காலத்தாலோ இடத்தாலோ விலகிய வேறொரு திட்டத்தின் விளைவை ஆராய வேண்டியதில்லை என்பதுதான் தீர்ப்பு. இந்த மின்தொடரில் வந்து சேரக்கூடிய எதிர்கால மின்நிலையத்தின் தாக்கம் அதில் அடங்கும், அதை விடலாம். ஆனால் இதே திட்டத்தின் விளைவு தொலைவில் போய் விழுந்தாலும், பின்னால் தெரியவந்தாலும் அது உங்கள் கணக்குதான். பல மைல் ஓடும் ஆற்றில் கலக்கும் கழிவோட்டத்தை நீதிமன்றமே உதாரணமாகச் சொல்கிறது. அணுகுசாலையில் அரித்த மண் கீழ்நிலை ஓடையில் படிவதை "தொலைவு" என்று சொல்லி விடமுடியாது. தலைப்பை வேண்டுமானால் எடுங்கள். எதை ஆராயவில்லை, ஏன் என்று ஒரு பத்தி கட்டாயம் எழுதுங்கள். நீதிமன்றம் மதிப்புக் கொடுப்பது துறை எடுத்த முடிவுக்கு. முடிவே எழுதப்படாத இடத்தில் மதிக்க எதுவும் இல்லை.

சதுப்பு:
45 நாள் கதைக்கு வருகிறேன். பாதிதான் சரி. பெர்மிட் 57-இல் ஒவ்வொரு தனித்தனிக் கடப்புக்கும் 0.5 ஏக்கர் இழப்பு வரை இடமுண்டு, 0.10 ஏக்கரைத் தாண்டினால் பி.சி.என். கட்டாயம். 0.04 ஏக்கர்தான், அறிவிக்க வேண்டாம் என்று இருந்துவிடுகிறார்கள். பெர்மிட்டின் பொது நிபந்தனை 18-ஐப் பாருங்கள்: அழியும் நிலையில் உள்ளதாகச் சட்டப்படி பட்டியலிட்ட உயிரினம் பாதிக்கப்படலாம் என்றாலோ அருகில் இருந்தாலோ, அளவு எவ்வளவு சிறிதானாலும் தனியார் விண்ணப்பதாரர் பி.சி.என். கொடுத்தாக வேண்டும். வரலாற்றுச் சின்னங்களுக்கு நிபந்தனை 20-உம் அப்படியே. இவற்றில் ஏதாவது ஒன்று நிலுவையில் இருந்தால் 45 நாள் கடந்ததும் தானாக அனுமதி கிடைப்பது என்பது கிடையாது. கோர் எழுத்தில் சொல்லும்வரை மண்வெட்டி இறங்கக் கூடாது.

நேரம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். பி.எல்.எம். அந்தப் பட்டியல் உயிரினங்களுக்காக வனவிலங்குத் துறையோடு கலந்தாய்வைத் தொடங்கும்போது தன் நிலத்தை மட்டும் எல்லையாக வரைந்துவிடும். ஈரநிலக் கடப்பில் இரண்டு தனியார் நிலத்தில் இருந்தால், கோர் அதற்காகத் தனிக் கலந்தாய்வு தொடங்க வேண்டிவரும். முறையான கலந்தாய்வு 90 நாள், அபிப்பிராயம் எழுத 45 நாள், மொத்தம் 135. முதல் கடிதத்திலேயே 40 மைலையும் எல்லையாகக் காட்டி, கோரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மரங்கள் நிறைந்த ஈரநிலத்தைக் கம்பிக்கு அடியில் நிரந்தரமாக வெட்டிப் புதர்நிலமாக வைத்தால், நிரப்பாததால் அது "இழப்பு" கணக்கில் வராமல் போகலாம். ஆனாலும் நிபந்தனை 23-இன்படி ஈடு கேட்கலாம். வரைபடத்தில் கம்பக் குழி, தற்காலிகப் பாய்ப்பலகை (வண்டிகள் போக விரிக்கும் பலகை), மர வெட்டு மூன்றையும் தனித்தனி நிறத்தில் சதுர அடியோடு காட்டுங்கள். ஒரே நிறத்தில் பூசி அனுப்பினால் "முழுமையற்றது" என்று திரும்பும், 45 நாள் மறுபடி முதலிலிருந்து.

பெர்மிட் 57-இன் 2021 பதிப்பின் கீழ் வாங்கிய கடிதத்தை நம்பியும் இருக்காதீர்கள். அது 2026 மார்ச் 14-உடன் முடிந்தது. அதற்குள் வேலை தொடங்கியிருந்தாலோ ஒப்பந்தம் ஆகியிருந்தாலோ மட்டும் 12 மாத அவகாசம்.

ஓடைக்கரை:
மிக்க நன்றி. ஈ.ஏ.-யில் ஏதாவது குறை இருந்தால் கோர்ட் மொத்தமாக ரத்து செய்துவிடுமா?

கோப்புக்கட்டு:
முன்பைவிட வாய்ப்பு குறைவு. குறையைத் திருத்தினாலும் துறை அதே முடிவுக்குத்தான் வரும் என்றால் ரத்து தேவையில்லை என்று செவன் கவுண்டியே சொல்லிவிட்டது. அதற்கு முன்பே ரியோ கிராண்டே எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு முனையம்) வழக்கில் டி.சி. சர்க்யூட் 2024 ஆகஸ்டில் அனுமதியை ரத்து செய்து, 2025 மார்ச்சில் ரத்தை மட்டும் விலக்கிக்கொண்டு துறைக்குத் திருப்பி அனுப்பியது. அங்கே எழுந்த முக்கியக் குறையைக் கவனியுங்கள்: புதிய ஆய்வு வந்த பிறகும் அதை மக்கள் கருத்துக்கு வைத்துத் துணை ஈ.ஐ.எஸ். போடவில்லை. வரைவு வெளியான பின் பாதை மாறினாலோ புதிய உயிரினக் கணக்கெடுப்பு வந்தாலோ, துணை ஆவணம் தேவையா இல்லையா என்று தேதியோடு ஒரு பக்கக் குறிப்பைப் போட்டுக் கோப்பில் சேருங்கள்.

வழக்குக் கெடு பொதுவாக 6 ஆண்டு. ஃபாஸ்ட்-41 (பெரிய உள்கட்டமைப்புத் திட்டங்களின் அனுமதியை விரைவுபடுத்தும் சட்டம்) பட்டியலில் சேர்ந்த திட்டமானால் 2 ஆண்டு. உங்கள் மின்தொடர் அந்தப் பட்டியலுக்குத் தகுமா என்று இப்போதே பாருங்கள்.